வலையில சிக்குன மஞ்சக் குழாய் யாரோடது? நம்ம கடல்ல யாரெல்லாம் அளவு எடுக்காங்க?

வள்ளவிளை பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் வள்ளவிளை, நீரோடிக்கு ரெண்டு ஊரு இந்தப்பக்கம், எங்க வீட்டுல இருந்து நடந்தே கேரளா போயிரலாம். கொஞ்சம் அவசரமா ஒரு விஷயம் தெரியணும், அதான் எழுதுதேன்.

எங்க அண்ணன் தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கா கடல்லயே தங்கி மீன்பிடிக்கப் போற போட்டுல வேலை பாக்கான். இந்த தடவை லட்சத்தீவுக்கும் மேற்கால, நீரோட்டத்தோட போற ஒழுக்குவலை போட்டு விடியக்காலம் இழுக்கும்போது வலையோட சேந்து ஒரு மஞ்சக் குழாய் வந்திருக்கு. ஒரு ஆள் உயரத்துக்கு கொஞ்சம் கம்மி, தலைப்பக்கம் ஒரு ஏரியல் கம்பி, அதுக்குப் பக்கத்துல வெள்ளையா என்னமோ ஒரு உறுப்பு, உடம்பு பூரா, கப்பலடியில ஒட்டுமே அந்த கொட்டலசு ஒட்டிக் கெடக்கு. ஸ்டிக்கர் பாதி உரிஞ்சு போச்சு, பிரெஞ்சு மாதிரி ஏதோ எழுத்து, கீழ இங்கிலீஷ்ல ஆபத்தில்லாத கருவின்னு போட்டு ஒரு ஏழு இலக்க நம்பரும் இருக்கு. வலைய அறுக்காம எடுக்க முடியலன்னு ரெண்டு பாகம் வலைய அறுத்துட்டாங்க, அந்த கோவத்துலயும் கடல்ல திருப்பிப் போடாம கொச்சி தோப்பும்படி துறைமுகம் வரைக்கும் கொண்டு வந்து அங்க இருந்து வீட்டுக்கே ஏத்திட்டு வந்துட்டான்.

இப்போ அது எங்க வீட்டுப் பின்பக்கம் தென்னை மூட்டுல சாஞ்சு நிக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க அதுமேல தட்டி விளையாடுதுங்க. பாட்டி அது குண்டுன்னு சொல்லி ஜெபமாலையும் கையுமா இருக்காங்க. பழைய சாமான் வாங்குற ஆக்கர் கடைக்காரர் வந்து பாத்துட்டு 800 ரூவா தாரேன்னு சொன்னாரு. அப்பா வித்துரக்கூடாதுன்னு நிக்காரு, அண்ணன் வலைக்காசாவது கெடைக்கட்டும்னு நிக்கான்.

கேக்க வேண்டியது இதுதான். இது என்ன சாதனம், வெடிக்குமா, போலீஸ்ல சொன்னா அண்ணன் மேல கேஸ் வருமா. அதவிட எனக்கு மனசுல கெடந்து அரிக்கிற கேள்வி இன்னொண்ணு, நம்ம ஆளுங்க எல்லை தெரியாம, அமெரிக்க ராணுவத்தளம் இருக்கிற டீகோ கார்சியா தீவு பக்கம் போயிட்டா பிடிச்சு உள்ள போடுதாங்க, அப்போ வெளிநாட்டுக்காரன் கருவி மட்டும் நம்ம கடல்ல எப்படி கேக்க ஆளில்லாம சுத்துது?

கடல்தண்ணி படிக்கிறவன் எழுதியது:

அக்கா மொதல்ல பிள்ளைங்கள அதுகிட்ட இருந்து தள்ளி வைங்க, வெயில்ல இருந்து நிழலுக்கு மாத்துங்க, ஆக்கர் கடைக்கு மட்டும் தயவுசெஞ்சு குடுத்துராதீங்க. குண்டு இல்ல, பாட்டிகிட்ட தைரியமா சொல்லுங்க. ஆனா உள்ள லித்தியம் பேட்டரி இருக்கும், கடல்தண்ணி எங்கயாவது உள்ள எறங்கியிருந்தா காத்தழுத்தம் கட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால அறுக்குறது, சுத்தியல் வச்சு தட்டுறது, வெல்டிங் பக்கம் கொண்டு போறது எதுவும் வேண்டாம். தமிழ்நாடு போலீஸ்ல உள்ள கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தோட 1093க்கு கூப்பிட்டு சொன்னா போதும், மீன்துறை ஆபீஸ்லயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தானா வலையில சிக்குனத கரைக்கு கொண்டு வந்து தகவல் சொல்றவன் குத்தவாளி இல்ல, உங்க அண்ணன் நல்ல காரியம்தான் செஞ்சிருக்காரு.

நான் கொல்லங்கோடு, கொச்சியில கடலியல் படிக்கேன். நீங்க சொன்ன அடையாளத்த வச்சுப் பாத்தா அது ஆர்கோ மிதவை. போன வருஷம் ஆராய்ச்சிக் கப்பல்ல போனப்போ இதே மாதிரி ஒண்ண கயிறு கட்டி என் கையாலயே கடல்ல எறக்கியிருக்கேன், எறக்குன அஞ்சு நிமிஷத்துல மஞ்ச நெறம் மங்கி மங்கி மறைஞ்சு போச்சு, ஒரு பிள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டு வர்ற மாதிரி இருந்துச்சு அன்னைக்கு.

அது செய்யுற வேலை என்னன்னா, 1000 மீட்டர் ஆழத்துக்கு எறங்கி அங்கயே நீவாடுன்னு சொல்ற நீரோட்டத்தோட மிதந்துகிட்டு கெடக்கும். பத்து நாளைக்கு ஒருக்க 2000 மீட்டர் வரைக்கும் எறங்கி, அங்க இருந்து மேல ஏறி வர்ற வழி நெடுக தண்ணியோட சூடு, உப்பு, அழுத்தம் மூணையும் அளந்துகிட்டே வரும். மேல வந்ததும் ஏரியல நீட்டி சேட்டிலைட்டுக்கு கணக்க அனுப்பிட்டு திரும்ப எறங்கிரும். மோட்டாரும் கெடையாது காத்தாடியும் கெடையாது. உள்ள இருக்குற எண்ணெய அடியில ஒரு பைக்குள்ள தள்ளும், பை வீங்குனா மேல வரும், எண்ணெய உள்ள இழுத்துகிட்டா கீழ போகும். மீன் வயித்துல காத்துப்பை இருக்குல்ல, கிட்டத்தட்ட அதே வித்தைதான். நாலு அஞ்சு வருஷம் இப்படியே ஏறி எறங்கி பேட்டரி தீந்ததும் செத்துப்போகும், அப்படி செத்ததுல சிலது கரை ஒதுங்கும், சிலது வலையில ஏறும்.

யாரோடதுன்னு கேட்டீங்க. பிரெஞ்சு எழுத்து இருக்குறதால பிரான்ஸ் போட்டதுன்னு முடிவு பண்ணிராதீங்க, அந்த மஞ்ச மாடல் அங்க தயாராகுது, நம்ம நாடும் அத வாங்கி போட்டிருக்கு. அந்த ஏழு இலக்க நம்பர் தான் அதோட ஆதார் கார்டு, ஆர்கோ வெப்சைட்ல அந்த நம்பர போட்டா எந்த நாடு எந்த தேதில எங்க எறக்குச்சு, எந்த வழியா சுத்துச்சு எல்லாம் வந்துரும், நீங்களே போனுல பாக்கலாம்.

1999ல திட்டம் போட்டு 2000ல இருந்து எறக்க ஆரம்பிச்சாங்க, 2007ல எண்ணிக்கை 3000 தொட்டுச்சு, இப்போ ஏறக்குறைய 4000 மிதவை உலகம் பூரா ஏறி எறங்கிட்டு இருக்கு. முப்பது நாடு கிட்ட சேந்து செய்யுறாங்க. இந்தியா 2002ல இருந்து இதுல இருக்கு, ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம்தான் நம்ம தரப்பு, இந்தியப் பெருங்கடல் பகுதிக்கான தரவு மையமும் அங்கதான். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, யாரு போட்ட மிதவையா இருந்தாலும் அது அனுப்புற கணக்கு 24 மணி நேரத்துக்குள்ள எல்லாருக்கும் இலவசம். அமெரிக்காக்காரன் எத பாக்கானோ அதையேதான் வள்ளவிளையில இருந்து நீங்களும் பாக்கீங்க. முந்தியெல்லாம் கப்பல் போற தடத்துல மட்டும்தான் கடலுக்குள்ள என்ன நடக்குன்னு தெரியும், ஆனி ஆடில அண்டார்டிகா பக்கம் எந்தக் கப்பல் போகும் சொல்லுங்க, அங்கயும் இப்போ இந்தக் குழாய் போயிட்டு வருது.

கச்சான்காத்து எழுதியது:

தம்பி படிச்சவரு நல்லா வெளக்கிட்டாரு, ஆனா எல்லாத்தையும் அப்படியே நம்புறதுக்கு எனக்கு மனசு வரல, கோவிச்சுக்கிடாதீங்க. 2022 ஆகஸ்ட்ல சீனாவோட யுவான் வாங் 5 அம்பாந்தோட்டையில வந்து நின்னுது, அடுத்த வருஷம் ஷி யான் 6 கொழும்புக்கு வந்துது, ஆராய்ச்சி ஆராய்ச்சின்னுதான் சொன்னாங்க. கடைசில இலங்கையே 2024 பூரா வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் வேண்டாம்னு நிறுத்தி வச்சுது. தண்ணியோட சூடும் உப்பும் தெரிஞ்சா சத்தம் கடலுக்குள்ள எப்படி வளைஞ்சு போகும்னு தெரியும், அது தெரிஞ்சா நீர்மூழ்கி எங்க ஒளியலாம்னு தெரியும். இது சும்மா பயம் இல்ல.

இன்னொண்ணும் சொல்லுதேன். 1953ல நார்வேக்காரங்க நீண்டகரைக்கு வந்தாங்க. இந்தியா நார்வே ஐக்கிய நாடுகள் மூணு பேரும் சேந்து போட்ட ஒப்பந்தம், சாதா மீனவன் வாழ்க்கை உயரணும்னு தான் ஆரம்பிச்சுது. இஞ்சின் வச்ச போட்டு வந்துது, ஐஸ் பேக்டரி வந்துது, ஆஸ்பத்திரி வந்துது, நல்லதுதான். ஆனா றாலுக்கு வெளிநாட்டுல வெலை ஏறுன உடனே பணம் வச்சிருந்தவன் கையில டிராலர் போச்சு, வள்ளத்துக்காரன் கரையில நின்னு பாத்தான். அந்தச் சண்டை எங்க அப்பா காலம் பூரா நடந்துது. அறிவு வர்றது சரி, வந்த அறிவு யாரு கையில போய் சேருதுங்கிறதையும் கேக்கணும்லா.

கடல்தண்ணி படிக்கிறவன் எழுதியது:

அண்ணாச்சி நீங்க சொன்ன நீர்மூழ்கி விஷயம் உண்மை, மறுக்க மாட்டேன். அதனாலதான் 1982 கடல் சட்டத்துல தனியா ஒரு பகுதியே இதுக்குன்னு எழுதியிருக்காங்க. கரையில இருந்து 200 கடல் மைலுக்குள்ள வேற நாட்டுக் கப்பல் ஆராய்ச்சி பண்ணணும்னா ஆறு மாசம் முன்னாடியே கேக்கணும், கரைக்காரநாடு சம்மதம் குடுக்கணும், நம்ம விஞ்ஞானி அந்தக் கப்பல்ல ஏற உரிமை உண்டு, எடுத்த தரவுலயும் மாதிரிலயும் நமக்கு பங்கு உண்டு. ஆர்கோவுக்கும் 1999லயே யுனெஸ்கோவோட கடலியல் ஆணையத்துல ஒரு தீர்மானம் போட்டாங்க, மிதவை ஒரு நாட்டோட கடலுக்குள்ள மெதந்து வரலாம்னா அந்த நாட்டுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லணும். அக்கா கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில், கேக்க ஆளில்லாம சுத்தல, சொல்லிட்டுதான் சுத்துது. ரகசியமா அளந்துட்டுப் போற கப்பலும், அளந்தத அன்னைக்கே ஊருக்கெல்லாம் விரிச்சுக் காட்டுற மிதவையும் ஒண்ணு கெடையாது அண்ணாச்சி. 200 மைலுக்கு அந்தப்பக்கம் உள்ள பொதுக்கடலுக்குன்னு 2023 ஜூன்ல புது ஒப்பந்தம் வந்திருக்கு, இந்தியா 2024 செப்டம்பர்ல கையெழுத்து போட்டுது.

நீண்டகரை விஷயத்துல நீங்க கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. நீங்க சொல்றது சரி.

தூத்தூர் தங்கல் எழுதியது:

நான் 31 வருஷம் தங்கலுக்குப் போனவன், இப்போ முட்டுவலி, கரையில இருக்கேன். எழுத்து தப்பிருந்தா பொறுத்துக்கிடுங்க, பேரன் போனுல பேசி பேசி எழுதுதேன்.

மக்ளே, குழாய் இல்ல, அதவிட பெரிய சாமான் ஒண்ணு உண்டு, மிதவைப் பாயா. நடுக்கடல்ல ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆழத்துல நங்கூரம் போட்டு நிக்கும், மேல சோலார் தகடு, காத்தாடி, லைட்டு. சென்னையில உள்ள என்ஐஓடிங்கிற கடல் தொழில்நுட்ப நிறுவனம் போட்டது உண்டு, அமெரிக்காவும் இந்தியாவும் வேற நாடுகளும் சேந்து 2004ல இருந்து போட்டுக்கிட்டு வர்ற ராமா வரிசை உண்டு. இதெல்லாம் எனக்கு பின்னாடி தெரிஞ்சது. அன்னைக்கு எங்களுக்கு தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், அதுக்கு அடியில மீன் நிக்கும். நெழல் கண்டா சின்ன மீன் கூடும், சின்ன மீனத் தேடி கேரைன்னு சொல்ற சூரை மீன் வரும், கேரையத் தேடி நாங்க போவோம். போட்ட அதுலயே கட்டிப்போட்டு ராத்திரி தூண்டில் போட்டா விடியும்போது ஐஸ் பெட்டி நெறஞ்சிரும். இஞ்சின் ஓட்ட வேண்டாம், டீசல் மிச்சம். நானும் கட்டியிருக்கேன், ஒரு தடவை இல்ல பல தடவை. ஒருநாள் நல்ல வன்காத்துல போட் இழுத்த இழுப்புல கீழ உள்ள கம்பி அறுந்து பாயா எங்களோடயே வந்துட்டு. கயித்த அவுத்து விட்டுட்டு வந்துட்டோம், யாருகிட்டயும் சொல்லல. அந்த பாயா போற திசையப் பாத்துக்கிட்டே நின்னது இன்னும் கண்ணுல நிக்கு.

அதுக்கப்புறம் 2017 நவம்பர் 29 ராத்திரி. ஒக்கி புயல். நான் அன்னைக்கு கரையில, என் தங்கச்சி மகன் கடல்ல. நம்ம எட்டு ஊரு கரையிலயும் கோயில் மணி அடிச்சு ஆளுங்க கூடி நின்னத மறக்க முடியுமா. தகவல் வந்த நேரத்துல நம்ம போட்டெல்லாம் கரையில இருந்து எத்தனையோ மைலுக்கு அந்தப்பக்கம், வயர்லெஸ் எட்டாத தூரம். கரையில கெடைச்ச தகவல் கடலுக்குப் போய்ச் சேரல. அவன் பதினோரு நாள் கழிச்சு வந்து சேந்தான், அவங்கூட போன போட்டுல நாலு பேரு வரவே இல்ல.

பின்னாடி ஒரு கூட்டத்துல ஒரு அம்மா வெளக்கிச் சொன்னாவ, புயல் வளர்றது கடலுக்குள்ள எவ்வளவு ஆழம் வரைக்கும் சூடு இருக்குங்கிறத வச்சு, மேல்தண்ணி சூட்ட மட்டும் பாத்தா பத்தாது, அத அளக்குறதுதான் அந்த பாயாவும் குழாயும்னு. 500 மீட்டர் வரைக்கும் கம்பியில சென்சார் தொங்கவிட்டிருப்பாங்களாம். எனக்கு அங்கயே தொண்டை அடைச்சுப் போச்சு. நாங்க அறுத்துவிட்ட பாயா அன்னைக்கு எடத்துல நின்னிருந்தா ஒக்கிக்கு ஒரு மணிக்கூர் முந்தி சொல்லியிருக்குமோ என்னமோ, அது யாருக்கும் தெரியாது, அது வேற கடல் வேற வருஷம். ஆனா அந்த நெனப்பு விட மாட்டேங்கு.

ஆகவே பிள்ளைங்களே, பாயாவுல கட்டாதீங்க. நெழலுக்கு மீன் வேணும்னா தென்னங்கொதும்பும் பழைய வலையும் கட்டி நீங்களே மிதப்பு செஞ்சு போடுங்க, நம்ம அப்பன் பாட்டன் செஞ்ச வேலைதான். மேல இருக்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்கு எடுக்குறது ஹைதராபாத்துக்கும் அமெரிக்காவுக்கும் நிமிஷத்துல போகுது, அதே வேகத்துல என் மருமவன் நிக்கிற எடத்துக்கும் வரணும். 2019ல ஜெமினின்னு ஒரு பெட்டி வந்துது, சேட்டிலைட் வழியா எச்சரிக்கை போனுக்கு வரும், நல்லதுதான், ஆனா நாம திருப்பிச் சொல்ல அதுல வழியில்ல. முங்குறவன் முங்குதேன்னு சொல்லவும் ஒரு வழி வேணும்லா.

பொழியூர் சார் எழுதியது:

தூத்தூர் அண்ணாச்சி, உங்க எழுத்த வாசிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நான் எல்லைக்கு அந்தப்பக்கம் பொழியூர்ல தமிழ் வாத்தியார். நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல கோடு இருக்கு, கடலுக்கு இல்ல. இந்த விஷயத்த பேசும்போது நான் பிள்ளைங்களுக்கு எப்பவும் சொல்றது ஒரு சொல்லு, கள்ளக்கடல். நம்ம கரையில தமிழ் பேசுறவனுக்கும் மலையாளம் பேசுறவனுக்கும் ஒரே அர்த்தம், காத்து இல்ல, மழை இல்ல, வானம் தெளிஞ்சு கெடக்கும், கடல் மட்டும் கள்ளன் மாதிரி சத்தம் போடாம ஏறி வந்து முற்றத்துல நிக்கும். சட்டிபானை மெதக்கும்போதுதான் முழிப்போம். இந்தச் சொல்ல 2012ல யுனெஸ்கோ அப்படியே ஏத்துக்கிட்டுது, இன்னைக்கு கடல் விஞ்ஞானிங்க இதப்பத்தி எழுதும்போதும் கள்ளக்கடல்ங்கிற சொல்லு வருது. மீன்காரம்மா வாயில இருந்த சொல்லு சாரே அது. எனக்கு அதுல ரொம்ப பெருமை.

ஏன் காத்தில்லாம கடல் ஏறுதுன்னு நம்ம முன்னோருக்கு தெரியாது, தெரிஞ்சிருக்கவும் முடியாது. அந்த அலை பொறக்குற எடம் நம்ம கரையில இருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெக்க, அண்டார்டிகா பக்கத்து கடல்ல. அங்க ஒரு பெரிய காத்தழுத்தத் தாழ்வு ரெண்டு மூணு நாள் நின்னு வீசுனா நீளமான அலை கெளம்பி வடக்க வரும், நடுவுல தடுக்க தீவோ கரையோ பெருசா கெடையாது, நாலஞ்சு நாள்ல நீரோடிலயும் பொழியூர்லயும் கதவத் தட்டும். அங்க போயி அளவுகோல் நட்டு வைக்க எந்த ஒரு நாட்டாலயும் ஆகாது. சேட்டிலைட் தான் மேல இருந்து அலையோட உயரத்த அளக்குது, அதுல அமெரிக்காவும் பிரான்சும் சேந்து விட்டது உண்டு, 2013 பிப்ரவரில நம்ம இஸ்ரோவும் பிரான்சும் சேந்து விட்ட சரல் உண்டு. எல்லாத்தையும் கூட்டித்தான் இன்காய்ஸ்ல இருந்து ரெண்டு மூணு நாள் முன்னாடியே கள்ளக்கடல் எச்சரிக்கை வருது. 2024 மே 6ஆம் தேதி குமரி மாவட்டத்துல லெமூர் பீச்ல டாக்டருக்குப் படிச்ச பிள்ளைங்க அஞ்சு பேரு அலையில போனாங்களே, அந்த நாளைக்கும் எச்சரிக்கை இருந்துது. வெளியூர் பிள்ளைங்க, பாக்க அமைதியான கடல், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு அவங்களுக்கு சொல்ல கரையில ஆள் இல்லாம போச்சு. இப்பவும் நெனச்சா வயிறு கலங்குது.

அதுக்கு முன்னாடி 2004 சுனாமி இருக்கு. சுமத்ராவுல பூமி ஆடுனது ஹவாயில இருந்த எச்சரிக்கை மையத்துக்கு கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சு போச்சு, அலை நம்ம நாட்டுக்கரைக்கு வர மணிக்கணக்குல நேரம் இருந்துது, ஆனா இந்தியப் பெருங்கடலுக்குன்னு ஒரு எச்சரிக்கை ஏற்பாடே இல்ல, பசிபிக்குக்கு மட்டும்தான் இருந்துது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி, நான் பேரு சொல்ல வேண்டியதில்ல. அடுத்த வருஷமே யுனெஸ்கோ மூலமா நாடுகள் சேந்து ஏற்பாடு தொடங்கினாங்க, 2007 அக்டோபர்ல ஹைதராபாத்ல மையம் வந்துது, 2011ல இருந்து இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூணும் இந்தப் பெருங்கடல் பூராவுக்கும் எச்சரிக்கை குடுக்குது.

கச்சான்காத்து அண்ணாச்சி நார்வே கதை சொன்னாங்க, அதுல விட்டுப்போன ஒரு ஏடு. 1960ஐ ஒட்டி இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம்னு ஒண்ணு நடந்துது, 1965 வரைக்கும், பல நாடுகளோட நாப்பதுக்கும் மேல கப்பல் வந்துது. நம்ம தரப்புல கடற்படையோட கிஸ்ட்னா போச்சு, கேரளா பல்கலைக்கழகத்தோட காஞ்ச் போச்சு, நார்வே திட்டத்துல வந்த வருணாவும் போச்சு. உலகக் கப்பல்கள் வலை போட்டு எடுத்த பொடி உயிரிகள் எல்லாம் பாட்டில் பாட்டிலா கொச்சிக்கு வந்து சேந்துது, அங்க நம்ம பிள்ளைங்க மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சு ஒண்ணொண்ணா பிரிச்சாங்க. அந்தப் பயணம் முடிஞ்ச கையோட 1966 ஜனவரி 1ஆம் தேதி தேசிய கடலியல் நிறுவனம் பொறந்துது. இன்னைக்கு கொல்லங்கோட்டுத் தம்பி கொச்சியில உக்காந்து படிக்கிறதுக்கு ஒரு வேர் அங்க இருக்கு. டிராலர் யாருக்குப் போச்சுன்னு கேக்கணும், கண்டிப்பா கேக்கணும், ஆனா அந்த பாட்டில்கள் நம்ம கைக்கு வந்ததையும் சேத்து எண்ணணும்.

தடா ரோடு எழுதியது:

நான் இந்தப்பக்கம் ஆந்திரா எல்லை, ஆரம்பாக்கம். சரல் போனது எங்க தலைக்கு மேலதான், ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு பழவேற்காடு ஏரிக்கு அக்கரை. ராக்கெட் விடுற நாள்ல எங்க ஆளுங்கள கடலுக்குப் போகவேண்டாம்னு சொல்லுவாங்க, அன்னைக்கு கூலி போச்சு, வாய்ப்பேச்சுல திட்டிக்கிட்டுதான் கரையில உக்காந்து பாப்போம். இத்தனை வருஷமா அது என்னத்துக்கு மேல போகுதுன்னு எனக்கு தெரியாது. குமரிக்கரைக்கு கள்ளக்கடல் வர்றத சொல்லத்தான் அதுல ஒண்ணு போச்சுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது சார். எங்க ஊர் பசங்ககிட்ட சொல்றேன்.

படிக்கிற தம்பிகிட்ட ஒரு கேள்வி. கார்த்திகை மார்கழியில எங்க கடல்ல தண்ணி நெறமே மாறி, உப்பு கொறஞ்சு தெக்க ஓடும். அது எங்க போகுது?

கடல்தண்ணி படிக்கிறவன் எழுதியது:

அண்ணே அருமையான கேள்வி. அது நேரா எங்க ஊருக்குத்தான் வருது! கங்கை, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் மழைக்காலத்துல கொட்டுன நல்லதண்ணி வங்கக்கடல் மேல ஒரு போர்வை மாதிரி கெடக்கும். வாடைக்காலத்துல அது கரையோரமா தெக்க எறங்கி, இலங்கைய சுத்திக்கிட்டு குமரிமுனைக்கு கீழால அரபிக்கடலுக்குள்ள வரும், லட்சத்தீவு பக்கம் பரவி நிக்கும். உப்பு கம்மியான தண்ணி லேசு, கீழ எறங்காது, கீழ உள்ள குளிர்ந்த தண்ணியோட கலக்கவும் விடாது. அதனால சித்திரை வைகாசில அந்த எடம் உலகக் கடல்லயே சூடான எடங்கள்ல ஒண்ணா ஆயிரும், அதுக்குப் பின்னாடிதான் தென்மேற்குப் பருவமழை கேரளாவுல கால் வைக்குது. ஆரம்பாக்கத்துல நீங்க பாக்குற அந்த தண்ணிக்கும் இங்க இடவப்பாதின்னு சொல்ற அந்தப் பருவமழைக்கும் தொடர்பு உண்டு. ஒரு மாநிலத்துக்காரனோ ஒரு நாட்டுக்காரனோ தனியா நின்னு இத பாத்திருக்கவே முடியாது, வள்ளவிளை அக்கா வீட்டு தென்னை மூட்டுல நிக்குதே அந்த மாதிரி குழாய்தான் இத ஏறி எறங்கி கணக்கெடுத்தது.

வள்ளவிளை பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாளா என்ன நடந்துதுன்னு சொல்லணும்.

1093க்கு கூப்பிட்டேன், மரியாதையாத்தான் பேசுனாங்க, கேஸ் எதுவும் இல்ல. எடுத்துட்டுப் போக ஆள் வர ரெண்டு மூணு நாள் ஆகும்னு சொன்னதால ஃபாதர்கிட்ட கேட்டு பங்கு மண்டபத்துல ஒரு ஓரமா படுக்க வச்சிருக்கோம், மேல கொஞ்சம் ஓலை போட்டு. வலைக்காசு பத்தி கேட்டேன், அதுக்கு யாருகிட்டயும் பதில் இல்ல. அண்ணன் ரெண்டு பாகம் வலைய சொந்தக்காசுல தான் கட்டணும். இத நான் விடமாட்டேன், மீன்துறைக்கு மனு எழுதிட்டு இருக்கேன், கருவிய பத்திரமா கொண்டு வந்து குடுக்குறவனுக்கு அறுந்த வலைக்கு ஏதாவது செய்யணும்னு. பொழியூர் சாரே, மனுவ ஒருக்க பாத்து திருத்தித் தருவீங்களா?

தம்பி சொன்ன மாதிரி நம்பர போட்டுப் பாத்தேன். இந்தியாவே எறக்குனதுதான் அது! நாலு வருஷத்துக்கு முன்னாடி. பத்து பத்து நாளுக்கு ஒரு புள்ளியா, நூறுக்கும் மேல புள்ளி, கோலம் போடும்போது கை நடுங்குன மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு. ஒரு புள்ளிய தொட்டா ஆழத்துக்கு ஆழம் சூடு எவ்வளவுன்னு ஒரு கிராஃப் வருது. மேல 29, 30னு இருக்கு, கீழ போகப் போக சாஞ்சு சாஞ்சு 2000 மீட்டர்ல 3 டிகிரி கிட்ட வந்து நிக்குது.

அப்பாகிட்ட காட்டுனேன். அவரு அந்தக் காலத்துல ஆழக்கடல் சுறாத்தூண்டிலுக்குப் போனவரு. கண்ணாடிய போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, ஆழத்துல இருந்து இழுத்த சுறாவ மேல தூக்கிப் போடும்போது அதோட வயித்த தொட்டா ஐஸ் பெட்டிக்குள்ள இருந்து எடுத்த மாதிரி இருக்கும், நடு மத்தியானமா இருந்தாலும் கை வெறைச்சிரும், அது ஏன்னு நாங்க யாருமே பேசிக்கிட்டது இல்லன்னு. பொறவு எந்த ஆழத்துல எத்தனை டிகிரின்னு ஒவ்வொண்ணா கேட்டாரு, நான் வாசிச்சு வாசிச்சு சொன்னேன், அவரு தன் பழைய தூண்டில் கயித்துக் கணக்குல அத பாகமா, அதாவது ரெண்டு கை விரிச்ச நீளக் கணக்கா மாத்தி சொல்லிட்டே வந்தாரு. நேத்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ரெண்டு பேரும் அந்தக் கோட்டுமேலயே இருந்தோம்.